ஏவலும் துணையும்

உருவமா உள்ளடக்கமா என்ற சண்டை நம்மிடையே இன்னும் முடியவில்லை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து பத்திரிகைகள் மாறியிருக்கின்றன, ஆட்கள் மாறியிருக்கிறார்கள், ஆனால் இரண்டு கட்சிகளும் அதே இடங்களில்தான் நிற்கின்றன. ஒரு கவிதை என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் ஒரு பக்கம், எப்படிச் சொல்கிறது என்று கேட்பவர்கள் மறுபக்கம். இந்தச் சண்டையைச் சோதித்துப் பார்க்க வேறோர் இடம் கிடைக்குமா என்று தேடியபோது நான் போய்ச் சேர்ந்த இடம் நண்பர்கள் சிலருக்குக் கௌரவக் குறைவாகப் படலாம். வீடியோ கேம். அதிலும், பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துச் செய்கிற வகை அல்ல. ஒருவரோ இருவரோ இரவில் உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய சின்ன வகை.

திரையில் பக்கவாட்டில் ஓர் உலகம் விரிகிறது. ஓர் உருவம் ஓடுகிறது, திண்டுக்குத் திண்டு தாவுகிறது, பள்ளத்தில் விழுந்தால் சாகிறது, மறுபடி எழுந்து தொடங்குகிறது. வழியில் மூடிய கதவுகள், எட்டாத உயரங்கள். கை வேகம் மட்டும் போதாது, யோசித்தால்தான் வழி கிடைக்கும். ஆடுகிறவர்கள் இதைப் பஸில் பிளாட்ஃபார்மர் என்கிறார்கள். இவற்றில் சிலவற்றில் நாயகனோடு இன்னோர் உருவமும் வரும், உதவிக்கு. அந்த இன்னொருவரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். (ஆட்டங்களின் முடிவுகளையும் சொல்லிவிடுவேன். முடிவு தெரிந்தவுடன் செத்துப்போகிற படைப்பைப் பற்றி நமக்கென்ன கவலை.)

நாவலாசிரியன் தன் நாயகனுக்கு ஒரு வேலைக்காரனைப் படைத்து, இருவருக்கும் இடையே அன்பு இருந்தது என்று ஒரு வாக்கியம் எழுதிவிடலாம். நம்புவதும் நம்பாததும் நம் பாடு. விளையாட்டில் அந்த வாக்கியத்துக்கு அதிகாரம் கிடையாது. எந்தப் பொத்தானை அழுத்தினால் உடன் வருபவர் என்ன செய்கிறார், அழுத்தாதபோது என்ன செய்கிறார், அழுத்தியும் செய்யாமல் இருக்க அவரால் முடியுமா என்பவைதான் அவர் யார் என்பதைத் தீர்மானிக்கின்றன. வசனம் எவ்வளவு உருகினாலும் விதி வேறு மாதிரி இருந்தால், ஆடுகிறவனின் விரலுக்கு விதிதான் தெரியும். உள்ளடக்கம் முழுவதும் உருவத்தில் கிடக்கிறது என்று கட்சி கட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

முதலில் ஓர் எலி. 1989இல் ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் டூ யந்திரத்துக்காக எழுதிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வை, பள்ளிக்கூடக் கணினி அறையில் பழைய யந்திரங்களோடு மல்லுக்கட்டிய என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறுபது நிமிஷத்துக்குள் பாதாளச் சிறையிலிருந்து ஏறி வந்து ராஜகுமாரியை மீட்க வேண்டும். எட்டாவது கட்டத்தில் வெளியேறும் வாசலைத் திறந்துவிட்டுத் திரும்பினால் நடுவில் ஒரு கதவு மூடிக்கொண்டிருக்கிறது. இளவரசன் அடைபட்டுப்போகிறான். எந்தப் பொத்தானும் உதவாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சும்மா நின்றுகொண்டிருந்தால், ராஜகுமாரி அனுப்பிய வெள்ளெலி ஒன்று ஓடி வந்து தரையிலுள்ள தட்டை மிதிக்கிறது, கதவு மேலே போகிறது, எலி வந்த வழியே போய்விடுகிறது. அவ்வளவுதான் அதன் பங்கு. அழைத்து வந்ததல்ல அது. அழைக்க வழியே இல்லை. பதினைந்து வயதில் நான் பொறுமையிழந்து அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்கியதும், காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து நாற்காலிப் பையன் என்பதும் நினைவிருக்கிறது.

அதே ஆட்டத்தில் இன்னொரு துணை உண்டு, எதிர்த்துணை. மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படமெடுத்து, அதைச் சட்டம் சட்டமாக வரைந்து இளவரசனின் அசைவுகளை உண்டாக்கினார். அதற்கே யந்திரத்தின் நினைவகம் நிறைந்துவிட்டது. ஓர் எதிரியைச் சேர்க்க இடமில்லை. இளவரசனின் படத்தின் மேலேயே அதே படத்தை ஒரு புள்ளி தள்ளி வைத்து, ஒத்துப்போகிற இடங்களை அழித்தபோது மினுமினுக்கும் ஒரு நிழலுருவம் கிடைத்தது. நாலாவது கட்டத்தில் இளவரசன் ஒரு கண்ணாடியை ஊடுருவித் தாவும்போது அந்த நிழல் அவனிடமிருந்து பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறது. பிறகு அவன் குடிக்க வேண்டிய மருந்தைக் குடித்துவிடுகிறது, அவன் தாண்ட வேண்டிய கதவை மூடிவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் வாளோடு வந்து நிற்கிறது. அதை வெட்டினால் இவன் உயிர் குறைகிறது. வாளை உறையில் போட வேண்டும். போட்டால் அதுவும் போடுகிறது, இருவரும் எதிரெதிரே ஓடி ஒன்றாகிறார்கள். இடப் பற்றாக்குறையில் பிறந்த தந்திரம் இது. யாப்பின் நெருக்கடி கவிஞனுக்கு ஒரு சொல்லைத் தேடிக்கொடுப்பதுபோல என்று சொல்லலாம், யாப்பை விட்டுவிட்டவர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால்.

பெரும்பாலான ஆட்டங்களின் துணை இந்த எலிக்கும் நிழலுக்கும் கீழேதான் நிற்கிறது. 1992இல் வந்த இரண்டாவது ‘சோனிக்’கில் டெயில்ஸ் என்றொரு நரிக்குட்டி கூட ஓடிவருகிறது. சோனிக் செய்ததைச் சற்றுப் பிந்தித் தானும் செய்கிறது. பின்தங்கிப்போனால் பறந்து வந்து சேர்ந்துகொள்கிறது. அதற்கென்று ஒரு வழி கிடையாது, என் சுவட்டின் எதிரொலி அது. டேவிட் கிரேன் 1989இல் செய்த ‘எ பாய் அண்ட் ஹிஸ் பிளாப்’ இதைவிட ருசியானது. ஒரு பையனும் வழவழவென்ற ஓர் உருண்டையும். பையன் மிட்டாய் எறிகிறான், உருண்டை அதைத் தின்று ஒரு பொருளாக மாறுகிறது. எந்த மிட்டாய்க்கு எந்தப் பொருள் என்பதில் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்விளையாட்டு. டேஞ்சரின் என்றால் டிராம்போலின், துள்ளு மெத்தை. பஞ்ச் என்ற பானத்தின் பெயர் குத்துவதையும் குறிப்பதால் தரையில் ஓட்டை. கெட்சப் என்றால் எட்டிப்பிடித்தல், பின்தங்கிய உருண்டை வந்து சேர்ந்துகொள்ளும். மொழிபெயர்த்தால் இதில் பாதிக்கு மேல் செத்துவிடும். ஆனால் தமிழில் புதிதாகச் செய்தால்? காளமேகத்தின் பிள்ளைகளான நமக்குச் சிலேடைக்கா பஞ்சம். ‘படி’ என்று ஒரு சொல்லை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஏறுகிற படி, அளக்கிற படி, வாசிக்கச் சொல்லும் படி, நகல் என்ற படி. நான்கு கதவுகள் திறக்கும். யாராவது செய்ய வேண்டும்.

ஆனாலும் அந்த உருண்டை கருவிதான். ஏணியாகச் சொன்னால் ஏணி, குடையாகச் சொன்னால் குடை. 2009இல் அந்த ஆட்டத்தைப் புதிதாகச் செய்தவர்களுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். உருண்டையைக் கட்டிக்கொள்ள என்று ஒரு பொத்தானைச் சேர்த்தார்கள். அதனால் எந்தக் கதவும் திறப்பதில்லை, எந்தப் புள்ளியும் கிடைப்பதில்லை. கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ரசிகர்கள் உருகிப்போனார்கள். எனக்கு அது தீபாவளிக்கு வேலைக்காரருக்குக் கொடுக்கிற இனிப்புப் பொட்டலமாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் மறுபடி ஏணி.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் இந்த இடத்தில் ராபின்சன் குரூசோவைத் தவிர்க்க முடியாது. 1719இல் வந்த அந்த நாவலும் ஒரு தீவுக்குள் தாவி, கட்டி, சேமித்துப் பிழைக்கிற கதைதான். கடைசியில் ஒரு துணை கிடைக்கிறான். குரூசோ அவனுக்கு வெள்ளிக்கிழமை என்று பெயர் வைக்கிறான், தன்னை எஜமான் என்று கூப்பிடக் கற்றுக்கொடுக்கிறான். உனக்கு ஏற்கனவே பெயர் உண்டா என்று கேட்பதில்லை. கூட்ஸி 1986இல் ‘ஃபோ’ எழுதியபோது அந்த வெள்ளிக்கிழமையை நாக்கில்லாதவனாகப் படைத்தார். அவன் கதையை யாராலும் அவனுக்குப் பதிலாகச் சொல்ல முடியவில்லை. மூன்று நூற்றாண்டு நாவல் மரபு தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இந்த இடத்துக்குச் சில விளையாட்டுகள் வேறு பாதையில் வந்திருக்கின்றன.

1991இல் எரிக் ஷாயி என்ற பிரெஞ்சுக்காரர் அநேகமாகத் தனியாளாகச் செய்த ‘அனதர் வேர்ல்ட்’ அப்படி ஒன்று. விஞ்ஞானி ஒருவன் வேற்றுலகில் கைதியாகிறான். தொங்கும் கூண்டுக்குள் கூடவே அந்த உலகத்துக் கைதி ஒருவன். இவன் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் மொழி நமக்குத் தெரியாது. கூண்டை ஆட்டிக் காவலன் மேல் விழவைத்துத் தப்புகிறார்கள். அதன் பிறகு அவன் தன் வழியில் போகிறான். சில இடங்களில் குறுக்கே வந்து உதவுகிறான், சில இடங்களில் இவன் அவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவனை ஏவ ஒரு பொத்தான் இல்லை. இந்த ஆட்டத்தால் பாதிக்கப்பட்டவர் ஜப்பானியரான ஃபுமிதோ உவேதா. அவர் 2001இல் தந்த ‘ஈகோ’வைத்தான் இந்த வகையின் சிகரம் என்பார்கள். கொம்பு முளைத்துப் பிறந்ததற்காகக் கோட்டையில் பலியிடப்பட்ட சிறுவன், ஒளியால் ஆனவள்போல் ஒரு பெண். அவள் பேசுவது புரியாத எழுத்துகளாகத் திரையில் வருகிறது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அவன் அவள் கையைப் பிடித்திருக்கிறான். விரலை எடுத்தால் கை நழுவுகிறது. அட்டைப்படத்தைக்கூட உவேதாவே கிரிகோவின் ஓவியங்களை மனதில் வைத்து வரைந்தார். நீண்ட நிழல், வெறிச்சோடிய கோபுரம்.

விரலின் அழுத்தமும் கையின் பிடிப்பும் ஒன்றாகிற இடம் பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண் யார்? அவளை விட்டு நான் நெடுநேரம் விலகினால் நிழற்பூதங்கள் வந்து அவளைக் குழிக்குள் இழுத்துப்போகின்றன, அவள் போனால் ஆட்டம் முடிகிறது. சிலைக்கதவுகளை அவளால்தான் திறக்க முடியும், ஆனால் நான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். அவள் ஒரே சமயத்தில் சாவி, சுமை. நம் சினிமாவின் தங்கைப் பாத்திரங்கள் எனக்கு ஞாபகம் வருகின்றன. அந்த ஆட்டத்தில் என்னை உண்மையில் தொட்ட விதி வேறு. ஆட்டத்தைச் சேமித்து நிறுத்த வேண்டுமானால் இருவரும் ஒரு கல் இருக்கையில் உட்கார வேண்டும். நான் மட்டும் உட்கார்ந்தால் சேமிக்க முடியாது. அவள் ஓய்வில்லாமல் என் ஓய்வு இல்லை. இதை ஒரு வசனத்தில் எழுதியிருந்தால் வெறும் உபதேசமாகியிருக்கும்.

இதெல்லாம் எனக்கு இப்போது முக்கியமானதற்குக் காரணம் ஆம்பூரில் இருக்கிறது. எங்கள் கிளைக்கு வந்துபோகும் இளைஞர் ஒருவர் ஷூ கம்பெனியில் அப்பர் பாட்டர்ன்களைக் கணினியில் வரைகிற வேலை செய்கிறார். இரவில், காசு கொடுக்க வேண்டாத கோடோ என்ற மென்பொருளில் ஒரு சிறு ஆட்டம் செய்துகொண்டிருக்கிறார். கைவிடப்பட்ட ஒரு டேனரி. பையன் ஒருவன் அதன் பின்வாசல் வழியாகப் பாலாற்றுக்குப் போக வேண்டும். கூட அவன் அக்கா. எங்கள் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தேர்வின் பொருத்தம் உடனே புரியும். சுற்றுகிற பெரிய மரப்பீப்பாய்கள், சுண்ணாம்புக் குழிகள், மேலே கொக்கிகளில் வரிசையாக நகரும் தோல்கள். பிளாட்ஃபார்மருக்கென்றே யாரோ கட்டிவைத்ததுபோல இருக்கிறது. அவர் வரைந்திருப்பது மூன்று நிறங்களில். சுண்ணாம்பு வெள்ளை, குரோம் ஏறிய ஈரத்தோலின் வெளிர் நீலம், கறுப்பு. நன்றாக இருக்கிறது.

அக்காவின் விதிகள்தான் பிரச்னை. ஒரு பொத்தானுக்கு அக்கா வருகிறாள். இன்னொன்றுக்கு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூன்றாவதற்குக் குனிகிறாள், தம்பி முதுகில் ஏறி மேல் திண்டைப் பிடிக்கிறான். மேலே போனவன் கையை நீட்டி அவளைத் தூக்குவதில்லை. அடுத்த அறையில் அவள் தானாகவே வந்து நிற்கிறாள். நிரலில் அது ஒரே வரி, தூரம் அதிகமானால் அக்காவின் இடத்தை மாற்று என்று. கட்டங்களுக்கு நடுவே அக்காவைப் பற்றித் தம்பி நினைத்துப் பார்க்கும் அழகான வாசகங்கள் வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனவுடன் மறுபடி அவள் முதுகில் காலை வைக்க வேண்டும்.

கணக்கு தொடங்கும் படிவத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு எங்கள் கிளையில் பெண்கள் அதிகம் சொல்கிற சொல் ‘ஹெல்பர்’. தையல் யந்திரத்தில் இருப்பவருக்குப் பக்கத்தில் நின்று, தோல் துண்டுக்குச் சொல்யூஷன் தடவி, விளிம்பை மடித்துக் கொடுத்து, தைத்து வந்ததில் நூலை வெட்டுகிறவர். யந்திரக்காரரின் கை நிற்காமல் இருப்பதுதான் இவர் வேலையின் அளவுகோல். தன் அக்கா பல வருஷம் ஹெல்பராக இருந்ததை அந்த இளைஞரே சொன்னார், ஆட்டம் அவருக்காகத்தான் என்றும் சொன்னார். அவர் எழுதிய வாசகங்களில் அந்த அக்கா இருக்கிறார். விதிகளில் இருப்பது ஹெல்பர்.

இதைச் சொன்னபோது அவர் தந்த பதில் வடிவமைப்பாளனின் பதில். “சொன்னதைச் செய்யலைன்னா ஆடறவங்க அதை பக்னு நினைச்சுக்குவாங்க சார். ரெண்டு தடவ பாப்பாங்க, விட்டுட்டுப் போயிடுவாங்க.”

லேசான பதில் அல்ல இது. விளையாட்டில் மறுப்பும் கோளாறும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உவேதாவின் ‘தி லாஸ்ட் கார்டியன்’ இதில் மாட்டிக்கொண்டது. 2009இல் அறிவித்து 2016இல் வந்த ஆட்டம். சிறுவன், கூடவே பாதி பறவையும் பாதி நாயும் பூனையும் கலந்த ராட்சத மிருகம் ஒன்று, பெயர் டிரிகோ. அதற்குப் பசிக்கும், பயம் உண்டு. கண் வடிவம் வரைந்த கண்ணாடி எதிரே இருந்தால் ஓரடி எடுத்து வைக்காது. தாவு என்று காட்டினால் சில சமயம் தாவும், சில சமயம் வேறெங்கோ முகர்ந்துகொண்டிருக்கும். ஆடியவர்களில் பாதிப்பேர் எரிச்சலில் திட்டினார்கள். எரிச்சலையும் மீறி ஆடியவர்களுக்குக் கிடைத்தது, வேறோர் உயிரோடு பழகிய அனுபவம். டிரிகோவின் காது, கண்ணின் நிறம், தயங்கி எடுத்துவைக்கும் கால் எல்லாமே அதன் மறுப்புக்கு இலக்கணம் சொல்கின்றன. மறுப்புக்குக் காரணம் கண்ணில் பட வேண்டும், உடனே படாவிட்டாலும் மூன்றாவது முறையாவது. அப்படிப் பட்டால் அது கோளாறு ஆகாது.

நாம் இதற்காக ஜப்பானுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. துணைப் பாத்திரத்தின் விதிகளை நம்மைப்போல் வகுத்தவர்கள் குறைவு. அகத்திணையின் தோழியை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகளாக வைக்கிறது, தலைவியோடு சேர்ந்து ஆராய்கிற உசாத்துணையாக வைக்கிறது. அகத்தில் யாருக்கும் இயற்பெயர் கிடையாது, இயற்றக்கூடிய செயல்களால்தான் ஒவ்வொருவரும் அறியப்படுகிறார்கள். விளையாட்டின் பாத்திர இலக்கணமும் அதுவேதான். அவள் செயல்களின் பட்டியலைப் பாருங்கள். குறியிடம் சொல்கிறாள், வரைந்துகொள்ளச் சொல்லி நெருக்குகிறாள், செவிலிக்கு உண்மையைச் சொல்லி அறத்தொடு நிற்கிறாள், அதாவது மூடிய வீட்டின் கதவைத் திறக்கிறாள். எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு. தழையாடையோடு வந்து நிற்கும் தலைவனை இன்று போ, பிறகு வா என்று தள்ளிப்போடுகிற சேட்படை. பரத்தையிடமிருந்து திரும்பியவனுக்கு வாயில் மறுத்தல். கதவுக்குப் பக்கத்தில் நிற்பவள் திறக்க மட்டுமல்ல, திறக்காமல் இருக்கவும் உரிமை பெற்றவள் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு மரபு விதித்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு நம் பெருமையில் நின்றுவிடவும் கூடாது. தோழி மறுப்பதெல்லாம் தலைவிக்காக. அவளுக்கென்று ஒரு காதலையோ ஊடலையோ மரபு தரவில்லை. எத்தனை பாடல்களில் அவள் குரல் கேட்கிறது, அவளுக்குத் தூக்கம் வராத இரவு ஒன்றுகூட அவள் சொந்தக் காரணத்தால் வந்ததல்ல. அந்த இடத்தில் அகமும் ஆம்பூர் ஆட்டமும் ஒன்றுதான்.

தமிழ் வாழ்விலிருந்து ஏற்கனவே ஓர் ஆட்டம் வந்துவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். 2023இல் டொரோண்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், சமையல்தான் புதிர். தாவல் ஆட்டம் அல்ல அது. ஆனால் அதில் துணையாக வருவது ஒரு கிழிந்த சமையல் குறிப்புப் புத்தகம். அம்மாவின் கையெழுத்து, கறை படிந்து பாதி வரி காணாமல் போனது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதை மீதி வரியிலிருந்து நாமே ஊகிக்க வேண்டும். முழுக்கச் சொல்லாத துணை. இழப்பைப் பற்றிய அதன் வசனங்களைவிட அந்தக் கறைதான் எனக்கு அதிகம் சொன்னது.

விதி உள்ளடக்கமாகவே மாறிவிட்ட இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால் 2013இன் ‘பிரதர்ஸ்’ஐக் காட்டுவேன். அதை இயக்கிய ஜோசஃப் ஃபாரஸ் அதற்கு முன் ஸ்வீடனில் சினிமா எடுத்துக்கொண்டிருந்தவர். அண்ணன் இடது கையில், தம்பி வலது கையில். ஒரே சமயத்தில் இரண்டு பேரையும் நாமே நடத்த வேண்டும். தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். கடைசிக்குச் சற்று முன் அண்ணன் இறந்துவிடுகிறான். அதன் பிறகு இடது கைக்கு வேலையில்லை. தம்பி தனியாக வெள்ளத்தின் முன் வந்து நிற்கிறான். அவனுடைய பொத்தானை அழுத்தினால் தலையை ஆட்டிப் பின்வாங்குகிறான். இத்தனை நேரம் சும்மா கிடந்த அண்ணனின் பொத்தானை அழுத்தினால் நீந்துகிறான். வார்த்தை ஒன்றும் கிடையாது. துக்கம் என்பது ஆடுகிறவனின் இடது ஆள்காட்டி விரலில் இருக்கிறது. இதைக் கதைச் சுருக்கமாகச் சொன்னால் மூன்றாந்தர மெலோடிராமா. உருவம், உள்ளடக்கம் என்று தனித்தனியே பேசுபவர்கள் இந்த இடத்தில் எதை எதிலிருந்து பிரிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

சாவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், இந்த வகை ஆட்டத்தில் மிக மலிவான சரக்கு அதுதான். 2014இல் வந்த ‘நெவர் அலோன்’ அலாஸ்காவின் இன்யூபியாக் மக்கள், தங்கள் கதை ஒன்றிலிருந்து, தங்கள் மொழியில் கதைசொல்லியை வைத்து, ஒரு பழங்குடி மன்றத்தின் கூட்டுறவோடு செய்தது. நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை நரியும். சிறுமிக்குத் தெரியாத ஆவிகள் நரி அருகில் போனால் தென்படும், அவை அவளுக்குக் கால் வைக்கும் இடமாகும். தான் காணாததைத் துணை காண்கிறது என்ற விதி அருமை. வழியில் நரி கொல்லப்படுகிறது, பிறகு ஆவிச் சிறுவனாகத் திரும்பி வருகிறது. அந்தச் சாவு மனதை அறுக்கிறது. ஆனால் அதற்கு முன்பே நம் கைத்தவறால் அந்த நரி பலமுறை பனிப்பிளவில் விழுந்து செத்து, ஒரு நொடியில் எழுந்து வந்திருக்கிறது. கதைக்கு ஒரு சாவு, விதிக்கு இன்னொரு சாவு. இந்த இரட்டைக் கணக்கை யாரும் கேள்வி கேட்பதில்லை, எல்லா பிளாட்ஃபார்மர்களும் இப்படித்தான்.

பனிப்பிளவைப் பற்றி எனக்குத் தெரியாது. குழி பற்றி எங்கள் பகுதியில் தெரியும். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் இரவு தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களை மூடியது. பத்துப் பேர் செத்தார்கள். அதே வகைக் குழியில் அக்கா விழுவதும் ஒரு நொடியில் முளைப்பதும் ஆட்ட மரபு என்று விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பது என் கட்சி. அக்கா குழியின் விளிம்பில் நிற்க வேண்டும், இறங்கக் கூடாது. எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும். அவளுக்கு அந்த இடம் தெரியும் என்பது முதல் மறுப்பிலேயே ஆடுகிறவனுக்குப் புரிந்துவிடும்.

இதை அவர் ஒத்துக்கொண்டார், நிரலிலும் போட்டுவிட்டார். இப்போது குழியருகே அழைத்தால் அக்கா இரண்டடி வைத்து நின்று, முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறாள். அதற்கு அவர் வரைந்தது நாலே சட்டங்கள். அதன்பின் அவராகவே இன்னொன்று செய்தார். விளிம்பைத் தாண்டிக் கால் வழுக்கிய பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பொத்தானை அழுத்தினால் தாவல் செல்லுபடியாகும் என்று இந்த ஆட்டங்களில் ஒரு சலுகை உண்டு. திரை நொடிக்கு அறுபது சட்டம் ஓடினால் ஆறு சட்டம். ஆடுகிறவனுக்குத் தெரியாமல் ஆட்டமே அவனுக்குச் செய்கிற உதவி. தம்பிக்கு மட்டும் அந்தச் சலுகை இருந்தது. அக்கா பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அது கிடைக்கும் என்று மாற்றியிருக்கிறார். அவளை விட்டு முன்னால் ஓடினால் தாவல்கள் காரணம் தெரியாமல் கடினமாகின்றன. ஒரு வசனமும் இல்லை. ஆடிப்பார்த்த இரண்டு பேர் அக்கா இல்லாட்டி விழுந்துடுறோம் என்றார்களாம், ஏன் என்று அவர்களால் சொல்ல முடியவில்லையாம். இதற்கு இணையான ஒன்றை நான் வேறெங்கும் ஆடியதில்லை.

முதுகில் ஏறுகிற விதியை எடுத்துவிடச் சொன்னேன். மறுத்துவிட்டார். “சின்ன வயசுல நாங்க அப்படித்தான் சார் சுவர் ஏறிக் குதிப்போம். ஆனா எப்பவும் நான்தான் மேலன்னு கிடையாது.” அடுத்த முறை கொண்டுவந்தபோது தம்பியும் குனிகிறான். அக்காவின் கனம் தாங்காமல் கால் நடுங்குகிறது, ஒரு நொடிக்கு மேல் நிற்க முடியாது, அதற்குள் அவள் மேலே போய்விட வேண்டும். ஏழாவது அறையில் டேனரியின் பின்சுவர். அதில் அக்கா முதலில் ஏறினால்தான் வழி. அவள் ஏறிச் சுவரின் அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறாள், திரையை விட்டுப் போய்விடுகிறாள். அழைக்கிற பொத்தான் வேலை செய்யாது. தம்பி நின்றுகொண்டிருக்கிறான். அங்கே ஆறு இருக்கிறது, அவளுக்கும் பார்க்க ஏதோ இருக்கலாம். எவ்வளவு நேரம் கழித்துச் சுவர் மேல் அவள் கை தெரிய வேண்டும் என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் இப்போதைக்கு நாற்பது நொடி வைத்திருக்கிறார். எனக்கு அது குறைவாகப் படுகிறது.